கருப்பட்டி சால்மனும் ஒரு ஈபி ஃபோர்மேனும்

முதல்லயே சொல்லிடறேன், நான் சமையல்ல பெரிய ஆள் கிடையாது. காலேஜ் ஹாஸ்டல், அப்புறம் பெங்களூர்ல பேயிங் கெஸ்ட், அப்புறம் இங்க சியாட்டில் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட்டுன்னு, யாராவது பண்ணிப் போட்டா வாயை மூடிக்கிட்டு சாப்பிடற ரகம். பொட்டி தட்டிட்டு சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வந்தா நிக்கவே தெம்பிருக்காது. அப்படிப்பட்ட ஒருத்தன் வாரநாள்ல, அதுவும் அரை மணி நேரத்துல, தட்டுல வச்சா பளபளன்னு மின்னுற மாதிரி ஒரு மீன் பண்றான்னா நீங்களும் பண்ணலாம். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஆனா நேரா செய்முறைக்குப் போனா பாதிக் கதை விட்டுப்போயிரும். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க.

2024 பிப்ரவரியில அம்மா போயிட்டாங்க. அப்பா தூத்துக்குடியில தனியா இருந்தார். மதுரையில அக்கா வீட்டுக்கு வரச் சொன்னா, "பேரப்புள்ளைகளைப் பாக்க வாறேன், தங்க வரமாட்டேன்"னுட்டார். ஒரு வழியா நான் கெஞ்சி, மிரட்டி, விசா எடுத்து, ஆகஸ்ட் கடைசியில இங்க கூட்டிட்டு வந்தேன். பெட்டி நிறைய உடன்குடி கருப்பட்டி. அவருக்குக் காலையில கருப்பட்டிக் காபி இல்லாம நாள் விடியாது.

அப்பா மின்வாரியத்துல ஃபோர்மேனா இருந்து ரிடையர் ஆனவர். புயலடிச்சு நாலு கம்பம் சாஞ்சாலும் ஆள் அசர மாட்டார். ஆனா அடுப்பு பத்த வச்சு நான் பார்த்ததே இல்ல. அது அம்மாவோட ராஜ்ஜியம். அம்மா வைக்கிற மீன் குழம்புக்கு அளவுன்னு ஒண்ணு கிடையாது, எல்லாம் கண்ணளவுதான். நானும் ஒரு நாளும் கேட்டு எழுதி வைக்கல. கேட்டுக்கலாம், கேட்டுக்கலாம்னு இருந்து, கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல.

வந்த முதல் வாரம் சரி, பயணக் களைப்புன்னு நினைச்சேன். ரெண்டாவது வாரமும் தயிர் சோறு, ஊறுகா. "வேற என்னப்பா பண்ணட்டும்?"னா, "இது போதும்ல, வயித்துக்கு நல்லது"ம்பார். ஒரு சனிக்கிழமை துணி மடிக்கும்போது அவர் பெல்ட் கண்ணுல பட்டுச்சு. கம்பெனிக்காரன் போட்ட கடைசி ஓட்டைக்கும் உள்ள தள்ளி, ஆணியால குத்தின மாதிரி புதுசா ஒரு ஓட்டை. ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல ரெண்டு விரல் அகலம் இருந்துச்சு. எப்ப குத்தினார், ஊர்லயா இங்கயான்னு கேக்கல. பெல்ட்டை மடிச்சு வச்சுட்டேன்.

அன்னிக்கே மீன் வாங்கப் போனேன். இங்க மீன்னா சால்மன்தான். காஸ்ட்கோவுல பெரிய பெரிய பலகையா, ஆரஞ்சு கலர்ல அடுக்கி வச்சிருப்பான். வாங்கிட்டு வந்து மேசையில வச்சேன்.

"என்ன மீனு இது?"

"சால்மன்ப்பா."

"சாலமோனா? எங்க செக்‌ஷன்ல ரெண்டு சாலமோன் உண்டு. மீனுக்குமா அந்தப் பேரு?"

ரொம்ப நாள் கழிச்சு அவர் அடிச்ச ஜோக். (இங்க வெள்ளைக்காரன் 'சாமன்'னுதான் சொல்றான், நடுவுல இருக்கற எழுத்தை முழுங்கிடுவான். அதைச் சொல்லி ஜோக்கைக் கெடுக்கல.) நம்மூர்ல இந்தியன் சால்மன்னு விக்கிறது காலா மீன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, வேற குடும்பம்.

அந்த சால்மனைப் போட்டு, நெட்ல பார்த்து, தேங்கா அரைச்சு, புளி ஊத்தி ஒரு குழம்பு வச்சேன். கொதிக்க விட்ட கொஞ்ச நேரத்துல துண்டெல்லாம் இதழ் இதழாப் பிரிஞ்சு உதிர்ந்துருச்சு. மேல ஆரஞ்சு கலர்ல எண்ணெய் மிதக்குது. சால்மன் நல்ல கொழுப்புள்ள மீன். சீலா (சென்னைக்காரங்களுக்கு வஞ்சிரம்) மாதிரி புளித்தண்ணியில கெட்டியா நின்னு பேசாது. சால்மன்ல பிரமாதமா குழம்பு வைக்கிறவங்க இருக்காங்க, சண்டைக்கு வராதீங்க. எனக்கு வரல, அவ்வளவுதான்.

அப்பா ரெண்டு வாய் சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு"ன்னார். அப்புறம் தட்டோட ஓரத்துல மீனை ஒதுக்கி, ரசம் இருக்கான்னு கேட்டார்.

தப்பு மீன் மேல இல்ல. சால்மனைக் கூப்பிட்டு சீலாவா நடின்னா அது என்ன பண்ணும்? அதை விட, அம்மா குழம்பு மாதிரியே ஒண்ணை, ஆனா அது இல்லாத ஒண்ணை, அவர் முன்னாடி வச்சேன் பாருங்க, அதுதான் பெரிய தப்பு. அது எனக்கு ராத்திரி படுத்தப்புறம்தான் உறைச்சுது.

அடுத்த வாரம் ஆபீஸ் பக்கத்துல டெரியாக்கி கடையில மத்தியானம் சாப்பிட்டேன். சியாட்டில்ல மூலைக்கு ஒரு டெரியாக்கி கடை உண்டு. 1976ல டோஷி கசஹாரான்னு ஒரு ஜப்பான்காரர் இங்க சின்னதா ஒரு கடை போட்டதுல இருந்து பரவினதுன்னு சொல்வாங்க. ஜப்பான் மொழியில 'தெரி'ன்னா பளபளப்பு, 'யாக்கி'ன்னா சுட்டது. சோயா சாஸும் சக்கரையும் சுண்டி, மீன் மேலயோ கோழி மேலயோ படிஞ்சு, வார்னிஷ் அடிச்ச மாதிரி மின்னும். அவ்வளவுதான் விஷயம். சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே முடிவு பண்ணிட்டேன். குழம்பு வேண்டாம், அம்மா பக்கமே போகாத ஒரு மீன் பண்ணுவோம். கிழமை புதன். எங்க வீட்ல செவ்வா, வெள்ளி கவுச்சி கிடையாது, அதனால புதன் பாதுகாப்பான நாள் :)

முதல் புதன்கிழமை நடந்தது ஒரு விபத்து. சோயா சாஸ், பிரவுன் சுகர் எல்லாத்தையும் கலந்து, மீன் மேல தாராளமா ஊத்தி, எடுத்த எடுப்புலயே ஓவனுக்குள்ள தள்ளி, 'பிராய்ல்'ல போட்டேன். பிராய்ல்னா மேல இருக்கற காயில் செவசெவன்னு பழுத்து, சூடு மேல இருந்து நேரா இறங்கும். சக்கரை அந்தச் சூட்டுல மீன் வேகறதுக்குள்ள கரியாயிரும். எனக்கு அது தெரியாது. மேல கரி, உள்ள பச்சை, வீடு பூரா புகை. ஸ்மோக் அலாரம் காதைக் கிழிக்குது. நான் ஜன்னலைத் திறக்க ஓடறேன். அப்பா தோள்ல கிடந்த துண்டை எடுத்து, அலாரத்துக்குக் கீழ நின்னு விசிறிக்கிட்டே என்ன கேட்டார் தெரியுமா?

"ஏல, இந்த ஊருல எல்லாம் 120 வோல்ட்டுன்னுல்லா சொன்ன? அதுல எப்படி காயில் இப்படிப் பழுக்குது?"

வந்து மூணு வாரத்துல அவரா வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான்.

வீட்டுக்குள்ள வர்றது ரெண்டு 120 வோல்ட் லைன்ப்பா, சாதாரண பிளக்குக்கு ஒண்ணு, ஓவனுக்கு மட்டும் ரெண்டையும் சேர்த்து 240ன்னேன். "அப்பிடிச் சொல்லு"ன்னு தலையாட்டினார். ராத்திரி கரிஞ்ச மீனைக் குப்பையில போட்டுட்டு பிரெட் சாப்பிட்டோம். அவர் ஓவன் கதவைத் திறந்து, கீழ ஒரு காயில், மேல ஒரு காயில், எந்த பட்டனுக்கு எது எரியுதுன்னு பத்து நிமிஷம் ஆராய்ச்சி பண்ணினார். "கீழ காயில்ல வேக வச்சிட்டு, கடைசியில மேல காயிலைப் போடணும். நீ தலைகீழாப் பண்ணிட்ட." பி.இ. படிச்ச எனக்கு வராத புத்தி!

ரெண்டாவது புதன். பிரவுன் சுகர் தீர்ந்து போச்சு. கடைக்குப் போக அலுப்பா இருந்துச்சு. அலமாரியில கருப்பட்டி இருந்தது. சரி, அதுவும் இனிப்புதானேன்னு ஒரு துண்டைத் தட்டி சோயா சாஸ்ல போடப் போனேன்.

"நில்லு, நில்லு. அப்பிடியே போடக் கூடாது. வெந்நில கரைச்சு வடிகட்டணும். அடியில மண்ணு நிக்கும்."

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"உங்கம்மா தினமும் அப்பிடித்தான பண்ணுவா?"

நாற்பது வருஷம் அடுக்களை வாசல்ல பேப்பரோட உக்காந்து காபிக்குக் காத்திருந்த மனுஷன். அவருக்குத் தெரியாமலே கண்ணு பார்த்து வச்சிருக்கு. எந்திரிச்சு வந்து, கருப்பட்டியைத் தட்டி, வெந்நீர்ல கரைச்சு, டீ வடிகட்டியில வடிச்சு, கிண்ணத்தைத் தூக்கி அடியில நிக்கிற மண்ணை எனக்குக் காமிச்சார். அப்புறம் கிண்ணத்தை என்கிட்ட கொடுக்கல. அவரே அடுப்புகிட்ட நின்னுக்கிட்டார்.

அன்னிக்கு நான் கரண்டியைத் தொடல. சோயா சாஸ், கருப்பட்டித் தண்ணி, துருவின இஞ்சி, தட்டின பூண்டு, மிளகு. சின்னத் தீயில நாலஞ்சு நிமிஷம். கரண்டியைத் தூக்கினா அதோட முதுகுல ஒட்டிக்கிட்டு நிக்கணும், விரலால கோடு போட்டா கோடு மூடக் கூடாது. அதுதான் பதம். அடுப்பை அணைச்சப்புறம் எலுமிச்சை. மீனை 400 டிகிரி ஃபாரன்ஹீட்ல (நம்ம கணக்குல ஏறக்குறைய 200) ஏழு நிமிஷம் வெறுமனே வேக விட்டு, வெளிய எடுத்து சாஸைப் பூசி மூணு நிமிஷம், இன்னொரு கோட் பூசி மேல காயில்ல ஒரே ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷமும் அப்பா ஓவன் கண்ணாடி முன்னாடி குத்துக்கால் போட்டு உக்காந்துட்டார். "கொதிக்கி... கொதிக்கி... இப்ப அணை!"

கருப்பட்டிக்குன்னு ஒரு புகை வாசம் உண்டு இல்லையா? சோயா சாஸோட சேரும்போது அது எங்கயோ கொண்டு போகுது. பிரவுன் சுகர்ல அது வராது. மேல கருஞ்சிவப்பா கண்ணாடி மாதிரி ஒரு தோல், உள்ள கத்தி படாமலே பிரியுற மீன். அப்பா சோத்தோட முழுத் துண்டையும் சாப்பிட்டார். தோலை மட்டும் ஒதுக்கினார். நல்லா இருக்குன்னு சொல்லல. "அடுத்த தடவை இஞ்சி கூடப் போடலாம்"னார். எனக்கு அது போதும்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு புதனும் எங்க வீட்ல சோதனைச்சாலைதான். ஃபோர்மேன் இன்ஸ்பெக்‌ஷன்ல கேட்ட கேள்விகளும் எனக்குத் தெரிஞ்ச பதில்களும்:

"மேல வெள்ளையா பால் மாதிரி கசியுதே, கெட்டுப் போச்சா?" இல்ல, அது மீன்ல இருக்கற புரதம். சூடு ஏற ஏற சதை இறுகி அதைப் பிழிஞ்சு வெளிய தள்ளுது. சாப்பிடலாம், ஒண்ணும் ஆகாது. ஆனா நிறைய வந்தா கூட வெந்துருச்சுன்னு அர்த்தம். சமைக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் உப்புத் தண்ணியில ஊற வச்சா குறையும். அப்பாவுக்கு பி.பி. மாத்திரை இருக்கறதால நாங்க அதைப் பண்றதில்ல. ஒரு மேசைக்கரண்டி சாதாரண சோயா சாஸ்லயே 900 மில்லிகிராம் பக்கம் சோடியம் இருக்கு, அதனால உப்பு குறைச்ச சோயா சாஸ்தான், தனியா உப்பு கிடையாது.

"இவ்வளவு கலரா இருக்கே, சாயம் போட்டிருக்கானா?" பாதி நியாயமான சந்தேகம். கடல்ல தானா வளர்ற சால்மன் சின்ன இறால் மாதிரி ஜீவன்களைத் தின்னு, அதுல இருக்கற அஸ்டாக்சாந்தின்ங்கற நிறமியாலதான் சிவக்குது. பண்ணையில வளர்ற மீனுக்கு அதே நிறமியைத் தீவனத்துல கலந்து கொடுக்கறாங்க. இல்லாட்டி அது வெளுத்துத்தான் இருக்கும். கடையில அட்லாண்டிக் சால்மன்னு போட்டிருந்தா கிட்டத்தட்ட எல்லாமே பண்ணை மீன்தான்.

"எது வாங்கணும்?" இங்க பசிபிக் பக்கம் அஞ்சு வகை: கிங், சாக்கை, கோஹோ, பிங்க், சம். சாக்கை ரத்தச் சிவப்பு, ருசி ஜாஸ்தி, ஆனா கொழுப்பு கம்மி. ரெண்டு நிமிஷம் அசந்தா வறட்டி. பண்ணை அட்லாண்டிக்ல கொழுப்பு ஜாஸ்தி, நம்மளை மாதிரி கத்துக்குட்டி பண்ற தப்பையெல்லாம் மன்னிக்கும். முதல்ல அதுல கைப்பழகிட்டு சாக்கைக்குப் போங்க.

"வெந்துருச்சுன்னு எப்பிடித் தெரியும்?" அரசாங்கக் கணக்கு உள்சூடு 145 டிகிரி ஃபாரன்ஹீட். ஹோட்டல் சமையல்காரங்க பலர் 125லயே எடுத்துடுவாங்க, உள்ள வழவழன்னு இருக்கும். அப்பாவுக்கு அந்த வழவழப்பு ஆகாது, அதனால எங்க வீட்ல 145தான். தெர்மாமீட்டர் இல்லாட்டி, நல்ல தடிமனான இடத்துல முள்கரண்டியால லேசா திருகிப் பாருங்க. இதழ் இதழா விலகணும், நடுவுல கண்ணாடி மாதிரி தெரியக் கூடாது.

அக்டோபர்ல ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாவை இஸக்வாவுல சால்மன் குஞ்சு பொரிக்கிற பண்ணைக்குக் கூட்டிட்டுப் போனேன். 1936ல கட்டினது. இலையுதிர் காலத்துல கடல்ல இருந்து சால்மனெல்லாம் அந்தச் சின்ன ஓடைக்குத் திரும்பி வரும். பலார்டு மடைகிட்ட 21 படி வச்ச மீன் ஏணி ஒண்ணு இருக்கு, அதுல ஏறி, வாஷிங்டன் ஏரி, சமாமிஷ் ஏரி எல்லாம் தாண்டி, பொறந்த ஓடையோட வாசனையை மோப்பம் பிடிச்சு வருது. பாலத்து மேல நின்னு பார்த்தா, ஒவ்வொண்ணும் கை நீளம், உடம்பெல்லாம் அடிபட்டு வெளுத்து, தண்ணியை எதிர்த்துத் துள்ளுது. விழுது. திரும்பத் துள்ளுது.

கிழக்கால கொலம்பியா ஆத்துல கிராண்ட் கூலின்னு ஒரு பெரிய அணை இருக்குப்பா, 1942ல முடிச்சாங்க, அதுல மீன் ஏணியே வைக்கல, அதுக்கு மேல சால்மன் போகவே முடியாமப் போச்சுன்னேன். கரண்டுக்காரர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "எல்லாம் நம்ம வேலைதான்"னார்.

அப்புறம், "ஆத்துத் தண்ணிக்குள்ள நுழைஞ்சா இதுங்க சாப்பிடறதை நிறுத்திடும்ப்பா, உடம்புல இருக்கற கொழுப்புலயேதான் ஊர் போய்ச் சேரும்"னு சொன்னேன்.

"நான் நேர்மாறு. ஊருக்குப் போனாத்தான் எனக்குச் சோறு இறங்கும்" சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். "டிக்கெட்டைப் பாருல."

கார்ல வரும்போது எனக்குக் கோவம் வந்துருச்சு. இன்னும் நாலு மாசம் தங்கலாம், அதுக்குள்ள என்ன அவசரம்? "அங்க யாருப்பா உங்களுக்குச் சமைச்சுப் போடுவா?"ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "கடை இருக்குல்லா"ன்னார். "எத்தனை நாளைக்குக் கடை?" அதுக்கு அவர்கிட்ட பதில் இல்ல. வீடு வர வரைக்கும் ரெண்டு பேரும் வாயைத் திறக்கல. அந்த பெல்ட் ஓட்டைதான் மனசுல ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அதுக்கு அடுத்த புதன் ஆபீஸ்ல சர்வர் படுத்துக்கிச்சு. ஆணி புடுங்கி முடிக்க ராத்திரி ஒம்போது. வழியில எதையாவது வாங்கிட்டுப் போலாம்னு அப்பாவுக்கு போன் பண்ணினேன், எடுக்கல. அடிச்சுப் பிடிச்சு வீட்டுக்கு வந்து, மாடிப்படி ஏறும்போதே மூக்குல ஏறுது, இஞ்சியும் கருப்பட்டியும்.

மேசையில ரெண்டு தட்டு, தட்டு மேல தட்டு போட்டு மூடி வச்சிருக்கு. ஓவன் அணைச்சிருக்கு. நான் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே அப்பா இன்னொரு தடவை பட்டனைத் தொட்டுப் பார்த்துக்கிட்டார்.

"மேல காயிலை ஒரு நிமிசம் கூட விட்டுட்டேன். ஓரம் கருகிருச்சு, பாத்துச் சாப்பிடு."

ஓரம் கருப்புதான். வெள்ளைப் பால் ஏகத்துக்குக் கசிஞ்சிருந்தது. சோறு கொஞ்சம் குழைஞ்சிருந்தது. எழுபது வயசு நெருங்கப் போற மனுஷன் தன் வாழ்க்கையில முதல் தடவையா யாரும் பக்கத்துல நிக்காம சமைச்ச சாப்பாடு. அவர் தட்டையும் திறந்தேன். தொடவே இல்ல.

"நீங்க சாப்பிட்டிருக்கலாம்லப்பா. ஏழு மணிக்குப் பண்ணியிருப்பீங்க போல."

"தனியா என்னத்த சாப்பிட?"

சமைக்கத் தெரியறது பாதிப் பிரச்சினைதான், மீதி அங்க இருக்குன்னு அந்த நிமிஷம் புரிஞ்சுது. அவருக்கும் புரிஞ்சிருக்கும். ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசல. மீனைச் சுட வச்சு சாப்பிட்டோம். இது வரைக்கும் நான் சாப்பிட்ட சால்மன்லயே ரொம்ப வறண்டது அதுதான். ஓரம் வரைக்கும் சாப்பிட்டேன். மறுநாள் டிக்கெட் போட்டேன், நவம்பர் கடைசிக்கு.

இப்ப அங்க ஓவன் கிடையாது. நான் வாங்கித் தர்றேன்னேன், "கரண்டு பில்லு யாரு கட்டுவா?"ன்னு ஃபோர்மேனே கேட்டா நான் என்ன சொல்ல? தோசைக்கல்லுல சீலாத் துண்டத்தைப் போட்டு, அதே சாஸைக் கடைசியில பூசிப் பண்றார். ரெண்டு தெரு தள்ளி அவரோட பழைய வயர்மேன் ஒருத்தர் இருக்கார், அவர் வீட்லயும் அம்மா இல்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடறாங்க. மத்த நாள்ல என்ன சாப்பிடறார்னு கேட்டா சரியா பதில் வராது. பெல்ட் எந்த ஓட்டையில இருக்குன்னு ஒரு தடவை கேட்டேன். "இங்க நான் வேட்டிதான கட்டுதேன், பெல்ட் எதுக்கு?"ன்னுட்டார்.

புதன்கிழமை ராத்திரி நான் மீனைத் தட்டுல வைக்கிற நேரம் அவருக்கு வியாழக்கிழமை காலை. போனை தண்ணி ஜக்குல சாய்ச்சு வச்சிருவேன். அவர் காபியோட உக்காருவார். "காமி" என்பார். தட்டைக் காமிப்பேன். "இன்னும் அரை நிமிசம் விட்டிருக்கலாம்" என்பார். இல்லாட்டி, "இன்னிக்கு சரியா இருக்கு."

அப்பா கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டுப் போனதை அப்படியே கீழ தட்டிருக்கேன். என்னோட செய்முறையை விட இது தெளிவா இருக்கு.

புதன் மீன் – வேலை ஒழுங்கு (இரண்டு ஆட்களுக்கு)

சாமான்: சால்மன் 2 துண்டு, ஒவ்வொன்றும் 170 கிராம், ஓர் அங்குலக் கனம். உப்பு குறைந்த சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி. தட்டிய கருப்பட்டி 2 மேசைக்கரண்டி. இஞ்சித் துருவல் 1 தேக்கரண்டிக்குக் குறையாமல். பூண்டு 2 பல். மிளகுத்தூள் கொஞ்சம். எலுமிச்சை அரைமூடி. உப்பு வேண்டாம்.

1. ஓவனை 400ல் வைக்கவும். சூடு ஏறும் வரை கதவைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது.

2. கருப்பட்டியை 3 மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து வடிகட்டவும். மண் இருக்கும்.

3. அதில் சோயா சாஸ், இஞ்சி, பூண்டு, மிளகு சேர்த்துச் சின்னத் தீயில் 4, 5 நிமிடம். கரண்டியில் ஒட்டினால் அணைக்கவும். பிறகு எலுமிச்சை.

4. மீனை ஈரம் போகத் துடைத்து, ஃபாயில் விரித்த தட்டில் எண்ணெய் தடவி, தோல் கீழே இருக்கும்படி வைக்கவும்.

5. கீழ்க் காயில்: 7 நிமிடம், சாஸ் இல்லாமல். வெளியே எடுத்துப் பூசி 3 நிமிடம்.

6. இரண்டாம் பூச்சு. மேல்க் காயில்: 1 நிமிடம் மட்டும். இந்த ஒரு நிமிடம் போன் பேசக் கூடாது. ஆள் ஓவன் முன்னால் நிற்க வேண்டும்.

7. மெயின் அணைத்ததை இரண்டு தடவை பார்க்கவும்.

8. மூன்று நிமிடம் ஆற விட்டு, சோறோடு சாப்பிடவும். நேரத்துக்குச் சாப்பிடவும்.

பி.கு.: கேஸ் அடுப்புல பண்றவங்களுக்கு: சீலாத் துண்டம் அரை அங்குலக் கனம் இருந்தா, தோசைக்கல்லுல கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம், அப்புறம் சாஸ் ஊத்தி, தீயைக் குறைச்சு, ரெண்டு பக்கமும் புரட்டி ஒரு நிமிஷம். சீலாவுல கொழுப்பு கம்மி, கூட விட்டா வறண்டுரும். இது தூத்துக்குடி கிளையில இருந்து போன வாரம் வந்த தகவல் :)